எங்கள் தெருவில் ஏழு வீடுகள் கை மாறிய நாள்

ஏழு வயதிலேயே நான் ஒரு வீட்டுக்காரி. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் பாட்டுக்குச் சிரிக்கட்டும். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணோடுதான் போகும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். காணி உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும். பிறகு அது அவளுடைய மகளுக்குப் போகும். எனக்கு அக்கா தங்கை கிடையாது, ஒரே ஒரு அண்ணன்தான். ஆகவே ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவியில் போய் முடிகிற ஒரு சின்னத் தெருவில் இருந்த மூன்று அறை வீடும், கிணறும், ஐந்து தென்னைகளும், காய்க்காத ஒரு மாமரமும் எனக்கு வரவேண்டிய சொத்துக்கள்.

இந்த விஷயம் விளங்கிய நாளிலிருந்து நான் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. அண்ணனை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வெளியேற்றுவேன். அவன் என் பென்சிலை எடுத்தால், "என்ட வீட்ட விட்டுப் போடா" என்பேன். அவனும் கொஞ்ச நேரம் தெருவில் போய் நின்றுவிட்டு வருவான். அப்பாவுக்கும் இதே சட்டம்தான். அப்பா கிரானிலிருந்து வந்தவர், மேசன் வேலை. எங்கள் வீட்டின் இரண்டு அறைகளையும் விறாந்தையையும் அவரே கட்டினார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. என்னைப் படிக்கச் சொல்லி அவர் அதட்டினால் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது ஆர்ர வீடு?" என்று கேட்பேன். அவர் சீமெந்து காய்ந்த கைகளைக் கூப்பி, "ஓம் வீட்டுக்காரம்மா, இந்த மாசம் மட்டும் இருந்திட்டுப் போயிர்றன்" என்பார். மாதா மாதம் நான் தவணை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் கடல் கடந்து வந்த ஆமி இருந்தது. சமாதானம் காக்க வந்திருக்கிறார்கள் என்றார்கள். வந்த புதிதில் எல்லோரும் தெருவில் நின்று கையசைத்தோம். நான் கொஞ்சம் கூடுதலாக அசைத்ததால் எனக்கு ஒரு இனிப்புக்கூடக் கிடைத்தது. கொஞ்ச மாதங்களில் அவர்களும் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதன்பிறகு சந்தியில் மண்மூட்டை அடுக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் ஆண்கள் சைக்கிளிலிருந்து இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அப்பால் ஏற வேண்டும். அப்பாவின் சாந்தகப்பையையும் தூக்குக்குண்டையும் தினமும் ஒருவன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நூலில் தொங்குகிற அந்த இரும்புக் குண்டு எதற்கென்று காட்ட, சந்தியில் இருந்த தந்திக் கம்பம் நேராக நிற்கிறதா என்று அப்பா ஒருநாள் அளந்து காட்டினாராம். அது சரிந்துதான் நின்றதாம்.

இடைக்கிடை சுற்றிவளைப்பு வரும். விடியற்காலையில் ஊரைச் சுற்றி நிற்பார்கள். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போக வேண்டும். ஊர் ஆட்களை விட்டுவிடுவார்கள். வெளியூரிலிருந்து வந்து வீடுகளில் ஒளிந்திருக்கிறவர்கள் என்று சந்தேகப்பட்டால் வைத்துக்கொள்வார்கள். பின்னேரம் லொறி வரும். வைத்துக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் போகும். அப்படிப் போனவர்களில் ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்தார். இன்னொருவரின் மனைவி அப்போதும் தேடிக்கொண்டிருந்தார். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை. எனக்குத் தெரிந்தது, சுற்றிவளைப்பு என்றால் அன்று பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும்தான்.

அன்று காலை எங்கள் வீட்டுக்குள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் தெரியும். படங்களில் கேட்கிற தமிழ். நான் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் அப்பாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். அதில் கிரான் விலாசம் இருந்தது.

"இது யாரு வீடு?"

"என்ட வீடு, சேர்."

"அப்புறம் ஏன் அட்டைல வேற ஊரு போட்டிருக்கு?"

"அது கலியாணத்துக்கு முன்ன எடுத்த அட்டை சேர். மாத்தல்ல."

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு துவக்கைப் பின்னால் தள்ளிவிட்டு என் உயரத்துக்குக் குந்தினான். நல்ல முகம். பல் வெள்ளையாக இருந்தது. பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"பாப்பா, இது உங்கப்பா வீடுதானே?"

என்னுடைய சொத்தை என் கண் முன்னாலேயே இன்னொருவர் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். அது அப்பாவாக இருந்தால் என்ன?

"இல்ல," என்றேன் கணீரென்று. "இது அம்மாட வீடு. மறுகா எனக்கு. அப்பா கிரான்ல இருந்து வந்து இரிக்கிறவரு. இந்த மாசம் மட்டும்தான் இரிப்பாராம்."

அவனுடைய முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. மற்ற மூவரிடமும் ஏதோ சொன்னான். ஒருவன் அப்பாவின் சட்டைக் கொலரைப் பிடித்தான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கட்டி முடித்த சுவர் கோணலாகத் தெரிந்தால் எந்தக் கல்லில் பிழை விட்டோம் என்று யோசிப்பாரே, அந்தப் பார்வை. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர்களோடு போனார்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு, நான் கத்தினால் தெருவில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஓங்கிய கையால் தன் வாயையே பொத்திக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மாமி வேலியை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ட மனிசனையும் கொண்டு போயிட்டாங்ககா. 'ஆர்ர வீடு' எண்டு கேட்டிருக்கான். அந்தப் பேயன் 'பொஞ்சாதிட வீடு' எண்டு உள்ளதச் சொல்லியிருக்காரு. அப்ப ஒன்ட வீடு எங்க எண்டு கேக்க, 'எனக்கு வீடு இல்ல சேர், உம்மாண வீடு இல்ல' எண்டு சத்தியமும் பண்ணியிருக்காரு. இருவத்தஞ்சு வருசமா வாய் தொறக்காத மனிசன், இண்டைக்குத்தானா தொறக்கோணும்?"

"இவளும்தான் தொறந்தா," என்றார் அம்மா.

"உறுதிய எடுகா. கொண்டு போய்க் காட்டுவம்."

"காட்டி? உறுதியில என்ட பேரெல்லவா இரிக்கு. அவரு வெளியூர் எண்டுறத நாமளே எழுத்தில குடுத்த மாதிரிப் போயிரும்."

இருவரும் குசினி வாசலில் நின்று யோசித்தார்கள். நானும் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சந்தையில் மீன் வாங்கும்போது பார்க்கிற பார்வை.

"ஒரு வழிதான் இரிக்கு," என்றார். "இவளுக்கு மூள சரியில்ல எண்டு சொல்லுவம்."

"அதச் சொல்லத் தேவல்லம்மா," என்றான் அண்ணன். "பாத்தாலே தெரியும்."

என் வாழ்க்கையில் கிடைத்த முதல் நாடக வேடம் இதுதான். அம்மா என் பின்னலை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டார். சட்டையைக் கழற்றி, பொத்தான் முன்னால் வருகிற மாதிரிப் பின்பக்கமாகப் போட்டுவிட்டார். "வாயத் திறந்தே வெச்சிரு. என்ன கேட்டாலும் தெரியா எண்டு சொல்லு. கெட்டித்தனம் காட்டினியோ, லொறியில அப்பாவக் கொண்டு போயிருவாங்க. விளங்கிச்சா?"

"தெரியா," என்றேன்.

"இப்பவே தொடங்காத," என்றார்.

பள்ளிக்கூட வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பத்து மணிக்கெல்லாம் ஊர் ஆண்களை விட்டுவிட்டார்கள். மிச்சம் ஏழு பேர். ஏழு பேரும் எங்கள் தெருவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள். வாழைச்சேனையிலிருந்து ஒருவர், செட்டிபாளையத்திலிருந்து ஒருவர், இப்படி. மைதானத்தின் நடுவில், நிழலே இல்லாத இடத்தில், வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அப்பா மூன்றாவது. எங்களை உள்ளே விடவில்லை. மத்தியானம் ஆயிற்று. அம்மா கொண்டுவந்த சோற்றுப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் வாசலிலேயே வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அது அங்கேயே இருந்தது.

இடையில் அப்பா கையை உயர்த்தினார். வகுப்பில் வெளியே போகக் கேட்கும்போது நாங்கள் உயர்த்துவோமே, அதேபோல். காவலுக்கு நின்றவன் துவக்கு முனையை அசைத்து, கையைக் கீழே போடு என்றான். கொஞ்ச நேரத்தில் மாமியின் கணவர் உயர்த்தினார். அவருக்கும் அதே பதில். பிறகு அப்பா மறுபடியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில், எங்கள் மைதானத்தில், மீசை வைத்த மாணவர்கள்! சிரித்துக்கொண்டே அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேடத்துக்குள் நன்றாக நுழைந்துவிட்டேன் என்று மாமி நினைத்திருப்பார்.

மூன்று மணி போலத்தான் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அதிகாரி எங்கள் வகுப்பு விறாந்தையில், ஆசிரியரின் கதிரையில் இருந்தார். பக்கத்தில் தமிழ் தெரிந்தவன் நின்றான். ஒரு ஓரத்தில் எங்கள் பள்ளிக்கூட அதிபர். ஊர் ஆட்களை அடையாளம் காட்டுவதற்காக அவரைக் காலையிலிருந்தே அங்கே இருத்திவைத்திருந்தார்கள்.

"ஏம்மா, உன் பொண்ணுதானே காலைல இது அவங்கப்பா வீடு இல்லன்னு சொல்லிச்சு?"

"ஐயா, அதுக்குப் புத்தி மட்டம் ஐயா. பொறந்த நாளில இருந்தே அப்பிடித்தான். வாய்க்கு வந்ததச் சொல்லும். வீடு அவர்ர வீடுதான்." அம்மா ஒரு மூச்சு நிறுத்தினார். "அந்த வீட்டில ஒவ்வொரு கல்லும் அவரு வெச்ச கல்லு ஐயா. நான் கர்ப்பமா இரிக்கக்குள்ள ராவும் பகலுமாக் கட்டினவரு. அவர்ர வீடு இல்லாம வேற ஆர்ர வீடு?"

இதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். நானும் சளைக்கக்கூடாது என்று வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தேன்.

அவன் என் பக்கம் குனிந்தான். "உன் பேரு என்ன பாப்பா?"

"தெரியா."

"மாட்டுக்கு எத்தன காலு?"

"மூண்டு."

"ஏழும் அஞ்சும் எவ்வளவு?"

இங்கேதான் சிக்கல். கணக்கில் நான்தான் வகுப்பில் முதலாம் பிள்ளை. பன்னிரண்டு என்கிற விடை பல்லுக்குப் பின்னால் வந்து நின்று முட்டியது. போதாக்குறைக்கு அதிபர் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன மாதம்தான் காலைக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டச் சொன்னவர். அவர் முன்னால் பிழையாகச் சொல்வதா? என் உதடு அசைந்ததை அம்மா கண்டிருக்க வேண்டும். முதுகில், சட்டைக்குள்ளால் கைவிட்டு, ஒரு கிள்ளுக் கிள்ளினார். "ஆ" என்று கத்தினேன். அதுவே விடையாயிற்று.

அதிகாரி அதிபரைத் திரும்பிப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டார். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இங்கிலீசில் பதில் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்றவனுக்காகத் தமிழிலும் சொன்னார்: "மிச்சம் மட்டமான புள்ள. ஒண்டும் ஏறாது. தாய்க்காகத்தான் வகுப்பில வெச்சிரிக்கிறம்."

துளிகூடத் தயங்காமல் சொன்னார். எவ்வளவு நாளாக இதை மனதில் வைத்திருந்தாரோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கும் ஒழுகியது. வேடம் பூரணமாயிற்று.

"சரி, கடைசியா ஒண்ணு," என்றான் அவன். "அந்த வீடு யாரு வீடு?"

அம்மாவின் கை என் முதுகில் அசையாமல் நின்றது. தெரியா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இருப்பதிலேயே மிக முட்டாள்தனமான விடையைத் தேடினேன். அதிகாரியைக் கைகாட்டி, "இவர்ர வீடு" என்றேன்.

அவன் உடனே மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னான். அதிகாரி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கதிரை ஆட ஆடச் சிரித்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. அன்றைக்கு நான் சொன்னவற்றில் படு முட்டாள்தனமான பதில் இதுதான் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கொப்பியைத் தள்ளினார்கள். வீடு கணவருடையது என்று அம்மா கையெழுத்துப் போட்டார். அடுத்தது மாமி. அவருக்கு மூளை சரியில்லாத பிள்ளை தேவைப்படவில்லை. "என்ட மனிசன்ட வீடு ஐயா, அவருக்குத்தான் மூள சரியில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மற்ற ஐந்து பெண்களும். அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் தெருவில் ஏழு வீடுகள் கை மாறின. நொத்தாரிசும் இல்லை, முத்திரையும் இல்லை.

லொறி வருவதற்கு முன்னமே ஏழு பேரையும் எழும்பச் சொன்னார்கள். அவர்கள் உடனே எழும்பவில்லை. கைகளை ஊன்றி, ஒருவரையொருவர் பாராமல், ஒவ்வொருவராக எழும்பினார்கள். நான் அப்பாவிடம் ஓடினேன். கிட்டப் போவதற்குள் அவர் கையை நீட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், கால்கள் இரண்டையும் அகட்டி அகட்டி வைத்து, விறைப்பாக முன்னால் நடந்தார். அம்மா பின்னால் வந்தார். நான் இருவருக்கும் நடுவில், பின்பக்கம் போட்ட சட்டையோடு.

எங்கள் வீட்டு வாசல் கடப்படி வந்தது. அப்பா அதைக் கடந்து போனார்.

நான் வெளியேற்றியதால் கிரானுக்கே போகிறார் என்று நினைத்தேன். "அப்பா! அங்கால இல்ல!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "ஒங்கட வீடு இஞ்சால! ஒங்கட வீடுதான் அப்பா, நான் சும்மா சொன்ன!"

அவர் திரும்பவில்லை. தெரு முடிந்தது. சட்டை, சாரம், எல்லாவற்றோடும் அப்படியே வாவிக்குள் இறங்கினார். இடுப்புவரை போனார், நெஞ்சுவரை போனார், கழுத்து மட்டும் தெரிந்தபோது நின்றார். அவர் மட்டுமல்ல, மாமியின் கணவரும், மற்றவர்களும், ஒருவர் பின் ஒருவராக வந்து உடுப்போடு இறங்கினார்கள். ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஏழு தலைகளும் மறுகரையைப் பார்த்தபடி இருந்தன.

எனக்குக் குதூகலம். உடுப்போடு இறங்கினால் என்னை அடிப்பார்கள், இப்போது பெரியவர்களே இறங்கிவிட்டார்கள். நானும் சட்டையோடு ஓடினேன். அம்மா பாய்ந்து பிடித்தார். வழியில் வீட்டுக்குள் நுழைந்து எடுத்துவந்த உலர்ந்த சாரத்தையும் துவாயையும் கரையில் ஒரு கல்லின் மேல் வைத்தார். பிறகு வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மற்ற ஆறு பெண்களும் அப்படியே நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த தெருப் பிள்ளைகளை மாமி கல்லெறிந்து துரத்தினார். என் தலையையும் அம்மா பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

"அப்பா எனக்குக் கோபமா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"மறுகா ஏன் வீட்ட வரல்ல?"

"குளிக்காரு," என்றார் அம்மா. "ஆம்புளையள் குளிக்கிறதப் பாக்கப்படா."

இப்போது எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. வீடு சட்டப்படி என்னிடம் வந்துவிட்டது. களுவாஞ்சிக்குடியிலிருந்து உடுப்புப் பெட்டியோடு வந்த ஒருவர் என்னோடு இருக்கிறார், நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். மாட்டுக்கு மூன்று கால், அதிபரின் சாட்சியம், ஏழு வீடுகள் கை மாறியது, எல்லாம் சொல்லுவேன், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த நாள் நடந்ததை மட்டும் சொல்வதில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் நடந்தது. இடைவேளையில், அதே மைதானத்தில், வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வட்டமாக நிற்கச் சொன்னேன். நடிப்பில் எனக்கு அப்போது நல்ல பெயர் என்று நினைப்பு. முதலில் அப்பா கை உயர்த்தியதைச் செய்து காட்டினேன். பிறகு கால்களை அகட்டி அகட்டி வைத்து, விறைப்பாக, அப்பா நடந்த நடையை நடந்து காட்டினேன். வாவிக்குள் இறங்குவதுபோல் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். சில பிள்ளைகள் சிரித்தார்கள். மாமியின் மகன் சிரிக்கவில்லை. செட்டிபாளையத்துக்காரரின் மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நடையில்தான் ஏதோ பிழை விட்டுவிட்டேனாக்கும் என்று நினைத்தேன். அவர்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு மைதானத்தின் நடுவுக்குப் போய்க் குந்தினேன். கைகளை ஊன்றி எழும்பி, கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி, முதலிலிருந்து திரும்பவும் நடந்து காட்டினேன்.